நிலம் வளையுமா, ரப்பர் வளையுமா?

டயர் கடையில் போய் மண்ணில் ஓட்ட ஒரு டயர் வேண்டும் என்று கேட்டால், கடைக்காரர் பெரும்பாலும் இருப்பதிலேயே பெரிய பட்டன் உள்ள டயரைத்தான் எடுத்து வந்து முன்னால் போடுவார். நமக்கும் பார்த்ததுமே பிடித்துவிடும். தனித்தனியாக எழும்பி நிற்கும் ரப்பர் கட்டிகள், நடுவே விரல் நுனி இறங்கும் பள்ளம். இது எதிலும் ஏறிவிடும் என்று மனம் அப்போதே முடிவு கட்டிவிடுகிறது. மாட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே போனால் உழுத மண்ணில் வண்டி அருமையாகப் போகிறது. அதே வண்டி அடுத்து வரும் பாறைச் சரிவில் வழுக்குகிறது. டயர் மட்டமா, நமக்குத்தான் ஓட்டத் தெரியவில்லையா என்ற குழப்பம் அங்கே தொடங்குகிறது.

டயரில் குறை இருக்காது, ஓட்டுவதிலும் பெரிய குறை இருக்காது. டயர் மண்ணை எப்படிப் பிடிக்கிறது என்று யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். கம்பெனி பெயர், விலை எல்லாவற்றையும் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு அதை முதலில் பார்ப்போம். பேச்சுக்கு ஒரு வண்டி வேண்டுமே. நம் ஊரில் மண் தடத்துக்கு இறங்கும் பலரும் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200-இல்தான் தொடங்குகிறார்கள். முன்னால் 21 அங்குலம், பின்னால் 18 அங்குலம், இரண்டும் கம்பிச் சக்கரம், உள்ளே ட்யூப், எடை ஏறக்குறைய 160 கிலோ. அதையே வைத்துக்கொள்வோம்.

டயர் தரையைப் பிடிக்க இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, தரைக்குள் இறங்குவது. தஞ்சாவூர்ப் பக்கம் நடவுக்கு முன்னால் சேற்று வயலில் இறங்கும் டிராக்டரைப் பார்த்திருப்பீர்கள். பின்சக்கரத்தில் இரும்புக் கேஜ் வீல் மாட்டியிருக்கும். அந்தப் பட்டைகள் சேற்றுக்குள் இறங்கி, பின்பக்கச் சேற்றை உதைத்துத் தள்ளுவதால்தான் வண்டி முன்னே நகர்கிறது. இரும்பு எதிலும் ஒட்டாது. அங்கே ஒட்ட வேண்டிய தேவையும் இல்லை. உள்ளே இறங்கினால் போதும். இளகிய மண்ணில் டயரின் பட்டன் செய்வதும் அதே வேலைதான். உள்ளே இறங்குகிறது, தனக்குப் பின்னால் இருக்கும் மண்ணைச் சுவராக்கி அதன்மேல் சாய்ந்து உதைக்கிறது.

இப்போது அதே டிராக்டரைக் கேஜ் வீலோடு தார் சாலையில் ஏற்றிப் பாருங்கள். பட்டைகளால் உள்ளே இறங்க முடியாது. நுனிகள் மட்டும் தரையைத் தொடும், வண்டி தடதடவென்று ஆடும், சறுக்கும். கெட்டித் தரையில் முதல் வழி செல்லாது. அங்கே இரண்டாவது வழிதான் வேண்டும். தரை இளகாதபோது ரப்பர் இளக வேண்டும். கல்லின் மேடு பள்ளத்துக்கும் சொரசொரப்புக்கும் ஏற்ப ரப்பர் வளைந்து, படிந்து, அழுந்தி உட்கார வேண்டும். எவ்வளவு பரப்பு படிகிறதோ, எவ்வளவு நெருக்கமாகப் படிகிறதோ, அவ்வளவு பிடி.

ஆகவே டயரைத் தேர்வு செய்யும்போது நாம் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒரே கேள்வி. நான் ஓட்டப்போகும் இடத்தில் வளைந்து கொடுப்பது யார், நிலமா, ரப்பரா? இனி வரும் எல்லா முடிவுகளும் இந்தக் கேள்வியிலிருந்துதான் கிளைக்கும்.

பெரிய பட்டன் இருந்தால் எங்கேயும் பிடி அதிகம் என்ற எண்ணம் புதிதாக வருபவர்களுக்கு மட்டும் உரியதல்ல. பல வருடம் ஓட்டியவர்களும் அதை நம்புகிறார்கள். அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம். கடையில் டயரைக் கையில் எடுத்ததும், ஒரு பட்டனின் தலையில் கட்டைவிரலை வைத்துப் பக்கவாட்டில் அழுத்தித் தள்ளுங்கள். உயரமான பட்டன் அடியோடு சாயும். விரலை எடுத்தால் விருட்டென்று நிமிரும். வெறும் விரலுக்கே இப்படிச் சாய்கிறதென்றால், வண்டியும் ஆளுமாக நூறு கிலோவுக்கு மேல் அதன்மீது அழுத்தும்போது என்ன ஆகும்? மண்ணுக்குள் புதைந்திருந்தால் நான்கு பக்கமும் மண் அதைத் தாங்கிப் பிடிக்கும். பாறைமீது நின்றால் தாங்க ஒன்றும் இல்லை. பட்டன் மடங்குகிறது, அதன் ஒரு ஓரம் தரையை விட்டு எழும்புகிறது, தொடும் பரப்பு இன்னும் சுருங்குகிறது, பிறகு சட்டென்று நழுவி நிமிர்கிறது. அடுத்த பட்டனும் அதையே செய்கிறது. கெட்டித் தரையில் திருப்பும்போது டயர் நெளிகிறது, நிலையாக நிற்கவில்லை என்று சொல்கிறோமே, அந்த நெளிவு இதுதான்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. சேற்றுக்கென்று செய்த டயரில் பட்டன்களுக்கு இடையே பள்ளம் அதிகம், ரப்பர் குறைவு. பாறைமீது வைத்தால் சக்கரத்தின் அடியில் எந்த நேரமும் சில பட்டன்களின் தலைகள் மட்டுமே தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். மீதியெல்லாம் காற்றில் நிற்கும் பள்ளம். சேற்றில் நமக்குக் கைகொடுத்த அதே பள்ளம் இங்கே பிடியைத் தின்றுவிடுகிறது.

சந்தேகம் இருந்தால் டிரையல்ஸ் போட்டிகளைப் பாருங்கள். ஆளுயரப் பாறைகளிலும் ஈரமான மரவேர்களிலும் கால் ஊன்றாமல் ஏறும் போட்டி அது. ஸ்பெயினின் டோனி போவ் 2007-இலிருந்து ஆண்டு தவறாமல் உலகப் பட்டம் வென்று வந்தவர். அந்த வண்டிகளின் பின்டயரில் பெரிய பட்டன் எதுவும் இருக்காது. சிறு சிறு சதுரக் கட்டிகள்தான், குட்டையாக, நெருக்கமாக. ஆனால் ரப்பர் மிக மெத்தென்று இருக்கும், டயரின் பக்கச்சுவர் எளிதில் மடங்கும், உள்ளே காற்றும் 5 பிஎஸ்ஐ அளவுதான். பாறையின் வடிவத்தை அப்படியே வாங்கிக்கொண்டு உட்காருகிறது. பட்டனின் உயரம்தான் பிடி என்றால் உலகிலேயே கடினமான பாறை ஏறும் வண்டிக்கு இந்த டயரை யாரும் போட்டிருக்க மாட்டார்கள். அதே டயரைச் சேற்றில் இறக்கினால் இரண்டு சுற்றில் பள்ளமெல்லாம் அடைத்துக்கொண்டு மழமழவென்று ஆகிவிடும் என்பதும் உண்மை.

காட்டு, மலைத் தடங்களில் நெடுந்தூரம் ஓட்டும் எண்டியூரோ பக்கமும் ஒரு சான்று இருக்கிறது. சர்வதேச மோட்டார்சைக்கிள் கூட்டமைப்பான எஃப்ஐஎம் நடத்தும் எண்டியூரோ போட்டிகளில் பின்டயரின் பட்டன் 13 மில்லிமீட்டருக்கு மேல் உயரமாக இருக்கக் கூடாது. காட்டுத் தடங்கள் உழுது போகாமல் காப்பதற்காக வைத்த விதி அது. மண் களத்தில் சுற்றிச் சுற்றி ஓட்டும் மோட்டோகிராஸ் பந்தயத்தின் டயர்கள் பலவற்றில் பட்டன் அதைவிட நன்றாகவே உயரம். ஆனாலும் அந்தக் குட்டைப் பட்டனோடுதான் உலகின் சிறந்த எண்டியூரோ வீரர்கள் கல், வேர், சேறு எல்லாவற்றையும் கடக்கிறார்கள்.

அடுத்தது ரப்பரின் குணம். இதில் பலர் தடுக்கி விழுகிறார்கள். டயர்களை இளகிய நிலத்துக்கு, நடுத்தர நிலத்துக்கு, கெட்டி நிலத்துக்கு என்று மூன்றாகப் பிரித்து சாஃப்ட், இன்டர்மீடியட், ஹார்ட் என்று விற்பார்கள். அந்தப் பெயர் நிலத்தைக் குறிக்கிறது, ரப்பரை அல்ல. கெட்டி நிலத்துக்கான டயரில்தான் பொதுவாக மெத்தென்ற ரப்பர் இருக்கும், ஏனென்றால் அங்கே வளைய வேண்டியது ரப்பர். இளகிய நிலத்துக்கான டயரில் பட்டன் விறைப்பாக இருக்கும், ஏனென்றால் அது மடங்காமல் மண்ணைக் கிழித்து இறங்க வேண்டும். விறைப்பான உயரப் பட்டனைக் கல்தரையில் ஓட்டினால் பிடிப்பதும் இல்லை, சீக்கிரமே அடியில் விரிசல் விட்டுப் பட்டன் பிய்ந்தும் போகிறது.

இனி நம் நிலத்துக்கு வருவோம். ஆஃப்-ரோடு என்று ஒரே சொல்லில் சொன்னாலும் நம்மிடம் இருக்கும் தரை பல விதம். திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரியில் இருப்பதைப் போன்ற உதிரி மணலானால் டயர் மேலே மிதந்து போக வேண்டும். உயரமான, இடைவெளி விட்ட பட்டனும் குறைந்த காற்றும் அங்கே பொருந்தும். (தேரியோ மலையோ, காப்புக்காட்டு எல்லைக்குள் வண்டியை இறக்கக் கூடாது. சட்டப்படியும் தவறு, அந்த மண்ணுக்கும் கேடு.) கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் வேறு கதை. காய்ந்திருக்கும்போது கெட்டித் தரையாகி வெடித்துக் கிடக்கும். ஒரு மழை பெய்ததும் டயரைச் சுற்றி அப்பிக்கொண்டு மட்கார்டுவரை அடைத்துவிடும். அந்த ஈரக் கரிசலில் பட்டனின் உயரத்தைவிட இடைவெளியே முக்கியம். சக்கரம் சுழலும்போது மண்ணை உதறி எறிய வழி வேண்டும். உதறாத டயர் வெறும் களிமண் உருண்டைதான், அதில் எந்தக் கம்பெனி டயரும் ஒன்றே. உண்மையில் ஈரக் கரிசலில் இறங்காமலிருப்பதே நல்லது என்பது என் கட்சி.

தமிழ்நாட்டில் நாம் அதிகம் சந்திப்பது இவை இரண்டும் அல்ல. கெட்டிச் செம்மண், அதன்மேல் உருளும் சரளைக் கல், நடுநடுவே கருங்கல் பாறை. இந்தத் தரைக்கு நடுத்தர வகைதான் பொருந்தும். குட்டையோ மிக உயரமோ இல்லாத பட்டன், பாறையைத் தொடப் போதுமான நெருக்கம், சரளையை ஒதுக்கப் போதுமான இடைவெளி. எதிலும் முதலிடம் பிடிக்காது, எதிலும் நம்மைக் கைவிடாது. தெரியாத தடத்துக்குப் போகும் எவருக்கும் நான் சொல்வது இந்த நடுத்தர வகையைத்தான். சேற்று டயரைப் போட்டுக்கொண்டு செம்மண் மேட்டில் சிரமப்படுபவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. காசு கூடக் கொடுத்துப் பிடியைக் குறைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

டயரைத் தேர்ந்தெடுத்து மாட்டியாகிவிட்டது. அதன் பலனில் பாதியாவது இன்னும் நம் கையில் இருக்கிறது. நான் சொல்வது காற்று. சாலைக்குப் பின்டயரில் 28 பிஎஸ்ஐ வைத்திருக்கிறோம் என்று கொள்வோம். பிஎஸ்ஐ என்பது ஒரு சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு அழுத்தம் என்ற கணக்கு. நமக்குப் பழகிய அளவில் 28 பிஎஸ்ஐ என்றால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2 கிலோ. வண்டி 160, ஆள் 70, மொத்தம் 230 கிலோ. உட்கார்ந்திருக்கும்போது பாதிக்குச் சற்று மேல், சுமார் 125 கிலோ, பின்சக்கரத்தில் இறங்குகிறது. ஒரு சதுர சென்டிமீட்டர் 2 கிலோவைத் தாங்கினால் 125 கிலோவைத் தாங்க எவ்வளவு பரப்பு வேண்டும்? 62 சதுர சென்டிமீட்டர். காற்றை 18-க்கு இறக்கினால் ஒரு சதுர சென்டிமீட்டர் தாங்குவது 1.27 கிலோதான். அதனால் டயர் இன்னும் கொஞ்சம் தட்டையாகி, 100 சதுர சென்டிமீட்டர் அளவுக்குத் தரையில் படிகிறது. டயரின் சொந்த விறைப்பையும் கணக்கில் சேர்த்தால் எண்கள் கொஞ்சம் மாறும், போக்கு மாறாது. ஒரு ரூபாய் செலவில்லாமல், வால்வை அழுத்திப் பிடித்த அரை நிமிடத்தில், தரையைத் தொடும் ரப்பரை ஒன்றரை மடங்காக்கிவிட்டோம்.

காற்று குறைந்த டயர் இன்னொன்றும் செய்கிறது. உள்ளங்கை அளவுக் கல் ஒன்று குறுக்கே வந்தால் விறைத்த டயர் அதன்மீது எகிறும், திசையும் மாறும். தளர்ந்த டயர் கல்லை உள்வாங்கிக்கொண்டு அதன்மேல் உருண்டு போய்விடும். புதிதாக ஓட்டுபவர்கள் கையெல்லாம் வலிக்கிறது, வண்டி ஹேண்டிலைப் பிடுங்குகிறது என்று சொன்னால் நான் முதலில் காற்றைத்தான் பார்க்கச் சொல்வேன்.

அப்படியானால் இன்னும் இன்னும் இறக்கிக்கொண்டே போகலாமே என்று தோன்றும். மூன்று தடைகள் இருக்கின்றன. கல்லில் மோதும்போது டயர் முழுவதும் அமுங்கி, ட்யூப் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே சிக்கி நசுங்கிவிடும். ட்யூபைக் கழற்றிப் பார்த்தால் அருகருகே இரண்டு வெட்டு இருக்கும். முள் குத்தினால் ஒரு துளை, ரிம் கடித்தால் இரண்டு வெட்டு என்று அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, ரிம்மே நெளியலாம். மூன்றாவதை அதிகம் பேர் அறிவதில்லை. டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடித்திருப்பது உள்ளிருக்கும் காற்றுதான். அது குறைந்தால், ஆக்ஸிலரேட்டரை முறுக்கும்போது ரிம் சுற்றும், டயர் கொஞ்சம் பின்தங்கும். டயரோடு ட்யூபும் நகரும். வால்வு மட்டும் ரிம்மின் துளையில் மாட்டிக்கொண்டு அடியோடு கிழியும். அப்படிக் கிழிந்த ட்யூபுக்குப் பஞ்சர் ஒட்ட முடியாது.

இதற்காகவே டர்ட் பைக்குகளில் ரிம் லாக் என்று ஒன்று இருக்கிறது. ரிம்முக்குள் உட்கார்ந்து, டயரின் கம்பி ஓரத்தை நட்டு போட்டு ரிம்மோடு நெரித்துப் பிடிக்கும் ஒரு கட்டை. அது இருந்தால், ஏறக்குறைய 110 கிலோ எடையுள்ள முழு டர்ட் பைக்கில் ட்யூபோடேயே 12 முதல் 15 பிஎஸ்ஐ வரை ஓட்டுகிறார்கள். நாம் பேசும் வண்டி அதைவிட ஐம்பது கிலோ கனம். ரிம் லாக் இல்லாமல் 18-க்குக் கீழே போக நான் துணிவதில்லை. கற்கள் நிறைந்த தடமானால் 20-க்கு மேலேயே வைப்பேன். இன்னொரு பழக்கமும் உதவும். வால்வின் அடியில் இருக்கும் சிறு நட்டை ரிம்மில் இறுக்காமல், மேலே மூடியோடு சேர்த்து விட்டுவிடுங்கள். டயர் நகரத் தொடங்கினால் வால்வு சாய்ந்து காட்டிக்கொடுக்கும். நின்று, காற்றை இறக்கி, டயரைப் பழைய இடத்துக்கே திருப்பி நேராக்கிவிடலாம். நட்டை இறுக்கி வைத்தால் சாய்வதற்கே இடமில்லை, நேராகக் கிழியும்.

உள்ளே என்ன போடுவது என்ற கேள்வி இங்கே வந்து சேர்கிறது. சாதாரண ட்யூபைவிட இரண்டு, மூன்று மடங்கு தடித்த ட்யூப் கிடைக்கிறது. கனம் கூடும், ஆனால் ரிம் கடிப்பதை நன்றாகத் தாங்கும். நம் ஊர்ச் சீமைக்கருவேல முள்ளுக்கு அதுவும் முழு உத்தரவாதம் அல்ல. அந்த முள் டயரைத் துளைத்து உள்ளே ஒடிந்து நிற்கும். வெளியே பார்த்தால் தெரியாது. பஞ்சர் ஒட்டியதும் அப்படியே ட்யூபைத் திணித்துவிடாமல், ஒரு பழைய துணியை டயரின் உட்பக்கம் சுற்றிலும் இழுத்துத் துடையுங்கள். முள் நுனி இருக்கும் இடத்தில் துணி மாட்டும். விரலால் தடவித் தேடினால் முதலில் விரல்தான் கிழியும். கம்பிச் சக்கரத்துக்கு ட்யூப்லெஸ் வராது என்ற பழைய பேச்சும் மாறிவிட்டது. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450-க்குக் கம்பிச் சக்கரத்திலேயே ட்யூப்லெஸ் கிடைக்கிறது. முள் காட்டுக்கு அது பெரிய நிம்மதி. துளையில் பஞ்சர் குச்சியைச் சொருகினால் பத்து நிமிடத்தில் கிளம்பிவிடலாம்.

போட்டி வண்டிகளில் இன்னும் இரண்டு ஏற்பாடுகளைப் பார்க்கலாம். ஒன்று மூஸ். ட்யூபுக்குப் பதில் முழு வளையமாக ஒரு நுரை ரப்பர். அதில் காற்றே இல்லை, அதனால் பஞ்சரும் இல்லை. புதிதாக இருக்கும்போது 13 பிஎஸ்ஐ காற்று அடைத்த அளவுக்கு விறைப்பாக இருக்கும், ஓட ஓடத் தளரும். டக்கார் ராலியில் இதைத்தான் நம்பி ஓடுகிறார்கள்.  இன்னொன்று ட்யூப்லிஸ் என்ற அமெரிக்க ஏற்பாடு. உள்ளே ஒரு சிறு வளையத்தில் 100 பிஎஸ்ஐக்கு மேல் காற்றை அடைத்து, டயரின் ஓரத்தை ரிம்மோடு அழுத்தி வைத்துவிடுவார்கள். மீதி இடத்தில் 7, 8 பிஎஸ்ஐ வைத்து ஓட்டலாம். இரண்டும் அருமையான ஏற்பாடுகள்தான், ஆனால் வீட்டிலிருந்து தார் சாலையில் கிளம்பி மண்ணுக்குப் போகும் நமக்கு உரியவை அல்ல. மூஸ் நெடுஞ்சாலை வேகத்தில் சூடேறி உள்ளுக்குள்ளேயே சிதைந்துவிடும். ட்யூப்லிஸும் சாலைக்கென்று செய்யப்பட்டதல்ல.

முன்டயரும் பின்டயரும் ஒரே ஜோடியாக இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தேவையில்லை, இரண்டுக்கும் வேலை வேறு. பின்டயர் தள்ளுகிறது. அது கொஞ்சம் நழுவினால் வண்டியின் வால் ஆடும், நாம் சமாளித்துவிடுவோம். முன்டயர் திருப்புகிறது, பிரேக்கின் பெரும்பகுதியைத் தாங்குகிறது. அது நழுவினால் யோசிக்க நேரமே கிடைக்காது, தரையில் கிடப்போம். கையில் ஒரு டயருக்குத்தான் காசு இருக்கிறது என்றால் நல்ல டயரை முன்னால் போடுங்கள். வழக்கமாக நடப்பது நேர்மாறு. பின்டயர் சீக்கிரம் தேய்வதால் அதைப் புதிது புதிதாக மாற்றிக்கொண்டே இருப்போம், முன்டயர் பட்டன் ஓரமெல்லாம் மழுங்கிப்போய் வருடக்கணக்கில் கிடக்கும். முன்டயரில் நடு வரிசையை மட்டும் பார்க்காமல் பக்க வரிசையைப் பாருங்கள். வண்டியைச் சாய்க்கும்போது தரையைக் கவ்வுவது அந்தப் பக்கப் பட்டன்களின் கூரான ஓரம்தான்.

அளவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 120/80-18 என்றால் அகலம் 120 மில்லிமீட்டர், உயரம் அதில் 80 சதவீதம், அதாவது 96 மில்லிமீட்டர், ரிம் 18 அங்குலம். அகலமாகப் போட்டால் பிடி கூடும் என்று 140 போடுபவர்கள் உண்டு. குறுகலான ரிம்மில் அகல டயரைத் திணித்தால் ஓரங்கள் உள்ளே இழுபட்டு டயர் உருண்டையாகிவிடும். பக்கப் பட்டன்கள் தரையைத் தொடவே தொடாது. செயினில் உரசும் வாய்ப்பும் உண்டு. வண்டிக்குச் சொன்ன அளவிலேயே இருங்கள். மோட்டோகிராஸ் வண்டிகளில் பின்னால் 19 அங்குல ரிம் இருக்கும், அந்த டயர் நம் 18-இல் உட்காராது. டயரின் மொத்த உயரம் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால், 18 அங்குல ரிம்மில் ரப்பர் சுவர் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கிறது. கல் தடத்துக்கு அது நல்லதே.

தார் சாலையை மறந்துவிடக் கூடாது. மண் தடத்தில் பத்து கிலோமீட்டர் ஓட்ட, போக வர நூறு கிலோமீட்டர் தாரில் ஓட்டுகிறோம். முழு மோட்டோகிராஸ் டயர்கள் பலவற்றின் பக்கவாட்டில் நெடுஞ்சாலைக்கு உரியதல்ல என்று அச்சிட்டே இருக்கும். மழையில் நனைந்த தாரில் அந்தச் சில பட்டன் தலைகளை நம்பி பிரேக் பிடிப்பது ஆபத்து. வேகத்தில் பட்டன்கள் சூடேறிப் பிய்வதும் உண்டு. மாதம் ஒருமுறை மண்ணுக்குப் போகிறவர் சாலைக்கும் மண்ணுக்கும் பாதிப்பாதி என்று விற்கும் டயரைப் போட்டுக்கொண்டு, அங்கே போய்க் காற்றை இறக்கினாலே போதும். வாராவாரம் போகிறவர் முன்னால் நடுத்தரப் பட்டன் டயரும் பின்னால் பாதிப்பாதியும் போடலாம். எனக்குப் பிடித்த ஜோடி அதுதான்.

வாங்கும்போது பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2324 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. கடையின் மூலையில் நான்கைந்து வருடம் கிடந்த டயரின் ரப்பர் இறுகிப்போயிருக்கும். கெட்டித் தரைக்கு நமக்கு வேண்டிய அந்த மெத்தென்ற குணமே போய்விட்டிருக்கும். தள்ளுபடி எவ்வளவு கொடுத்தாலும் அது வேண்டாம். ஓட்டத் தொடங்கிய பிறகு பின்டயரின் பட்டன்களை அவ்வப்போது தடவிப் பாருங்கள். உதைக்கும் பக்கத்து ஓரம் உருண்டு மழுங்கியிருக்கும், எதிர்ப்பக்கத்து ஓரம் கத்தியாக இருக்கும். மண்ணில் மட்டும் ஓட்டுபவர்கள் டயரைக் கழற்றித் திருப்பி மாட்டி அந்தக் கூர் ஓரத்தையும் பயன்படுத்திக்கொள்வார்கள். சாலையிலும் ஓட்டும் டயரானால் பக்கச்சுவரில் போட்டிருக்கும் அம்புக்குறிப்படியே விட்டுவிடுவது நல்லது.

உங்கள் வண்டிக்கும் எடைக்கும் சரியான காற்று எவ்வளவு என்பதை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு வேண்டியது 0 முதல் 30 வரை தெளிவாகக் காட்டும் ஒரு சின்ன மானியும் ஒரு கால் பம்பும். கல்லும் மண்ணும் கலந்த ஒரு கிலோமீட்டர் தடத்தைத் தேர்ந்தெடுங்கள். டயர் சூடேறும் முன் இரண்டிலும் 24 வைத்து ஒருமுறை ஓட்டுங்கள். இரண்டு இறக்கி மறுபடி அதே தடம், பிறகு இன்னும் இரண்டு. ஒவ்வொரு முறையும் வண்டி கல்லில் எகிறுவது குறைவதை உணர்வீர்கள். ஏதோ ஓர் இடத்தில் ரிம் கல்லில் இடிக்கும் டங்கென்ற சத்தம் கேட்கும், அல்லது வால்வு லேசாகச் சாய்ந்திருக்கும். அங்கே நிறுத்தி, அதற்கு மேல் இரண்டு பிஎஸ்ஐ ஏற்றுங்கள். அந்த எண்ணைத் தடத்தின் பெயரோடு எழுதி வையுங்கள், செம்மண் 20, கல் தடம் 22 என்று. மழைக்குப் பிறகு அதே தடத்துக்கு வேறு எண் வரும். அதையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளலாம்.